யார் சொல்லி அறுப்பது

“…நிக்கிறவங்க நில்லுங்க, குந்துறவங்க குந்துங்க, அது உங்க இஷ்டம். ஆனா அறுக்கலாம்னு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லணும் இல்ல?” என்றார் எங்கப்பா.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வரப்பின்மேல் ஏழு பெண்கள் இடுப்பில் அறுவாளைச் செருகிக்கொண்டு நின்றார்கள். எட்டாவது ஆள் எங்கம்மா. வயலில் நெல் பழுத்துத் தலை தொங்கிக் கிடந்தது. ஒரு காற்று வீசினால் மணி உதிரும் சத்தம் காதில் கேட்கும், அவ்வளவு பழுத்துவிட்டது. கிழக்கே கடலுக்கு மேல் எருமை முதுகு மாதிரி ஒரு மேகம் கிடந்தது. இரண்டு நாளில் போகி. இத்தனையும் கண்முன்னால் இருக்க, அந்த வயலின் சொந்தக்காரர், அதாவது எங்கப்பா, அறுக்கலாம் என்று வேறு யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.

சிரிக்காதீர்கள். நாமெல்லாம் ஒரே வயசுக்காரர்கள். சர்க்கரைக்கும் முழங்காலுக்கும் பயந்து சாயங்காலத்தில் ஒன்றாக நடக்கிறவர்கள். போன வாரம் நடந்து முடித்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது அரிசி மூட்டை விலையில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், உங்களில் ஒருவர் என்னைப் பார்த்து, “உங்க வீட்ல நெல்லு போட்டாங்களா என்ன?” என்று கேட்டீர்கள். கேள்வியில் கொஞ்சம் ஆச்சரியம் இருந்தது. நியாயமான ஆச்சரியம்தான். எங்கள் தெருவில் எல்லோருக்கும் நிலத்தில் வேலை இருந்தது, யாருக்கும் நிலம் இருந்ததில்லை. அன்றைக்கு “ஆமாம், போட்டாங்க” என்று டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். முழுப் பதில் இது.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலம் பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் பூசிக்கொண்டு படுத்த காலம் அது. திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொள்வேன். ஆனால் அந்த ஒரு போகத்தை மட்டும், அதுவும் அந்த ஒரு காலையை மட்டும், இன்னொரு தடவை பார்க்கக் கிடைத்தால் பார்ப்பேன்.

எனக்கு ஒன்பது வயசு. கல்பாக்கம் பக்கம் பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அங்கே கம்பி கட்டும் வேலைக்கு சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் பெரிய வீட்டு ஐயாவின் நிலத்தில் வேலை. அந்த வருஷம் சர்க்காரில் எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்கு ஏரிக்குக் கீழே நான்கு துண்டு நிலம் எழுதிக் கொடுத்தார்கள். ஆளுக்கு அரை ஏக்கர். மற்ற மூன்றும் மேடு. அவர்கள் கேழ்வரகு போட்டார்கள். எங்களுடையது பள்ளம், நெல்லுக்கு வாட்டமான பள்ளம்.

முதல் நாள் நிலம் பார்க்கப் போனோம். அம்மா வரப்பில் ஒரு சுற்று நடந்தாள். முடிந்துவிட்டது. நம்பாமல் இன்னொரு சுற்று நடந்தாள்.

“இன்னாய்யா இது, ஒரு வெத்தலய மென்னு துப்பறதுக்குள்ள நெலம் முடிஞ்சி பூடுது” என்றாள். குறை சொல்வது மாதிரிதான் சொன்னாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? வரப்பில் காலை வைக்கும்போதே தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வரப்பு என்றால் அவர் கைக்கு அப்படித்தான் பழக்கம். வரப்பின்மேல் ஐயா நிற்பார், துண்டு கக்கத்துக்குப் போக வேண்டும். அன்றைக்கு அங்கே ஒரே ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது.

“யோவ், கொக்குக்கா இந்த மரியாத?” என்றாள் அம்மா.

அப்பா வெட்கப்பட்டுத் துண்டைத் தோளில் போட்டார். இரண்டு நிமிஷத்தில் அது தானாகக் கக்கத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. அந்தப் போகம் முழுக்க அம்மா அவரை அந்தக் கொக்கை வைத்துக் கேலி செய்தாள். வீட்டுக்கு யாராவது வந்தால் போதும், “துண்ட கக்கத்துல வச்சிக்கோய்யா, கொக்கு வந்துகினு கீது” என்பாள்.

நெல் என்றாலே நாற்று விட்டு, பிடுங்கி, நடுவதுதான் என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். நம் பக்கத்தில் இன்னொரு முறையும் இருந்தது. ஏரியில் தண்ணீர் வரட்டும் என்று காத்திருந்தால் பருவம் கையைவிட்டுப் போகும். அதனால் ஆவணியில் நாலைந்து சால் ஏர் ஓட்டி, மண்ணைச் சலித்த மாவு மாதிரி ஆக்கி, அந்தப் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுவார்கள். ஐப்பசி மழை வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பயிர் அது. ஏரி நிரம்பி மதகு திறந்த பிறகுதான் அதன் காலில் தண்ணீர் படும். பாதி ஆயுள் புழுதியில், பாதி ஆயுள் சேற்றில். எங்கள் தெரு ஜனங்களைப் போலவே வளர்ந்த பயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதைநெல் அம்மாவுடையது. களத்தில் கூலியாக வாங்கிய வாடன் சம்பாவில் நல்ல மணியாகப் பொறுக்கி, பானையில் வேப்பிலை போட்டு மூடி வைத்திருந்தாள். நிலம் வரும் என்று தெரிவதற்கு முன்னாலேயே வைத்திருந்தாள். “இன்னாத்துக்குமே இது?” என்று அப்பா கேட்டதற்கு, “சும்மா கெடக்கட்டும்” என்றாளாம். எங்கம்மாவின் ‘சும்மா கெடக்கட்டும்’களை மட்டும் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம்.

விதைக்கிற நாளை யார் சொல்வது என்ற பிரச்சினை எழவில்லை. விவசாய ஆபீசர் ஒருவர் சைக்கிளில் வந்தார். மண்ணைக் கையில் அள்ளி ஊதிப் பார்த்தார். “ரெண்டு நாள்ல விதைச்சிடுங்க” என்றார். அப்பா மறுநாளே விதைத்துவிட்டார். ஆபீசர் அப்புறம் மாற்றலாகிப் போய்விட்டார்.

களை எடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். களை அவள் ராஜ்ஜியம், அதில் அப்பா வாய் திறக்க மாட்டார். மழை வந்து ஏரி நிரம்பிய பிறகு, இன்று உன் வயலுக்குத் தண்ணீர் என்று நீர்க்கட்டி வந்து சொன்னார். மதகைத் திறந்து மூடி வயல்வயலாகத் தண்ணீர் திருப்புவது அவர் வேலை. அதைத் தண்ணீருக்கே சொல்வது போல அதிகாரமாகச் சொல்வார். தண்ணீரை வடிக்கும் நாளையும் அவரே சொன்னார். ஆக, ஒவ்வொன்றுக்கும் சொல்ல ஒரு ஆள் இருந்தார். எங்கப்பா நிம்மதியாக வேலை செய்தார். உள்ளதைச் சொன்னால், தேவைக்கு மேலேயே செய்தார். வரப்பை மெழுகின வீட்டுத் தரை மாதிரி வைத்திருந்தார். ஐயா வயலில் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து, சாயங்கால வெளிச்சத்தில் சொந்த வரப்பில் நண்டு வளை அடைப்பார். வலது காலால் மிதித்துவிட்டு இடது காலாலும் ஒரு தடவை மிதிப்பார்.

எனக்கும் தம்பிக்கும் குருவி ஓட்டும் வேலை. நெல் பால் பிடிக்கிற சமயம் அது. பச்சை மணியை நகத்தால் நசுக்கினால் வெள்ளையாகப் பால் வரும், நாக்கில் வைத்தால் தித்திக்கும். அந்தத் தித்திப்புக்குத்தான் குருவிகளும் கூட்டம் கூட்டமாக வரும். எங்களிடம் ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே கூழாங்கல் போட்டு, வாயைச் சாக்குத் துணியால் கட்டி, ஒரு கம்பியில் தொங்கவிட்டிருந்தோம். ஆட்டினால் ஏரிக்கரைவரை கேட்கும். நாங்கள் குருவியை ஓட்டியதைவிட எங்களை அம்மா ஓட்டியதுதான் அதிகம், ஏனென்றால் பாதி மணி எங்கள் வாய்க்குள்தான் போனது. அந்த டப்பா எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. தம்பி எடுத்தான் என்று நான் சொல்வேன், நான் எடுத்தேன் என்று அவன் சொல்வான். எங்கள் இருவருக்கும் பேரப்பிள்ளைகள் வந்தாயிற்று, வழக்கு தீரவில்லை.

மாமா தன் பங்குக்கு ஒரு பொம்மை செய்து தந்தார். வைக்கோல் உடம்பு, அவருடைய கிழிந்த காக்கிச் சட்டை, தலையில் கட்டட வேலைக்காரர்கள் போடும் மஞ்சள் தொப்பி. ஒரு பக்கம் விரிசல் விட்டதால் வேண்டாம் என்று எறிந்த தொப்பி.

“இஞ்சினீயரு தொப்பி மச்சான். இத்தப் பாத்தா மேஸ்திரியே ஓடுவான், குருவி எம்மாத்திரம்?” என்றார் அப்பாவிடம்.

மறுநாள் காலை அம்மா மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். “தோ பாரு, உன் இஞ்சினீயரு தலைமேல கரிச்சான் குந்திகினு கீது.”

“அது கரிச்சான்கா. பூச்சி துன்ற குருவி. நல்ல குருவிக்கு சீட்டு போட்டுக் குட்த்துகீறேன்” என்றார் மாமா. எங்கள் மாமாவை வாயால் யாரும் தோற்கடித்ததில்லை.

மார்கழி பாதியில் வயல் நிறம் மாற ஆரம்பித்தது. முதலில் வரப்போரம், அப்புறம் மேற்கு மூலை, அப்புறம் மொத்தமும். காலையில் போனால் பனியில் நனைந்த நெல் வாசனை வரும். வெந்த சோற்றுக்கும் பச்சைப் புல்லுக்கும் நடுவே ஒரு வாசனை. அம்மா ஒரு புதுப்பானை வாங்கி அடுப்புக்கு மேல் பரணில் கவிழ்த்து வைத்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பொங்கலுக்கு முதல் தடவையாக எங்கள் அரிசி, கூலி அரிசியும் இல்லை, கடை அரிசியும் இல்லை, எங்கள் அரிசி அந்தப் பானையில் வேகப்போகிறது. ஐந்து மாத உழைப்பு, ஒரு குடும்பத்தின் அடுத்த அரை வருஷச் சோறு, எல்லாம் அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தது.

இங்கேதான் வண்டி நின்றது.

ஐயாவின் வயலில் அறுப்பு நாள் எப்படி முடிவாகும் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நான் அம்மாவின் பின்னால் போய் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஐயா கறுப்புக் குடையோடு வரப்பில் வந்து நிற்பார். அவர் நிற்கிற இடத்தில் ஒரு பனைமரம் இருக்கும். அப்பா வயலுக்குள் இறங்குவார். நடுவில் போய் ஒரு கதிரை வளைத்து, அடிமணியாகப் பார்த்து உருவுவார். நுனிமணி முதலில் பழுக்கும், அடிமணிதான் கடைசி, அதைத்தான் கேட்க வேண்டும். அதைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். நசுங்கினால் இன்னும் நாள் இருக்கிறது. ‘டக்’கென்று உடைந்தால் முற்றிவிட்டது.

“ஆச்சுங்க ஐயா” என்பார் அப்பா, துண்டு கக்கத்தில் இருக்க.

ஐயா உடனே பேச மாட்டார். வயலை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை பார்ப்பார். தொண்டையை ஒரு தடவை செருமுவார். பெரிய கணக்கு ஏதோ உள்ளே ஓடுகிறது என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அப்புறம், “சரி, ஆள வுடு” என்பார். அவ்வளவுதான். மறுநாள் அறுப்பு.

எங்கள் வயல் பழுத்தபோது அப்பா தினமும் காலையில் இறங்கி ஒரு மணியைக் கடித்தார். ‘டக்’ என்றது. வரப்பைப் பார்த்தார். வரப்பில் யாரும் இல்லை. திரும்பி வந்துவிட்டார். மறுநாளும் கடித்தார். மறுநாளும் ‘டக்’. மறுநாளும் வரப்பு காலி.

“இன்னாய்யா, ஆயிட்ச்சா?” என்பாள் அம்மா.

“ஆன மாதிரிதான் கீது.”

“அப்ப அறு.”

“அறுக்கலாம். யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்.”

“நான் சொல்றேன், அறு.”

“நீ சொல்லுவமே. தப்பா பூட்ச்சின்னா?”

அந்தத் ‘தப்பா பூட்ச்சின்னா’வை அப்போது நான் கோழைத்தனம் என்று நினைத்தேன். தெருவிலும் அப்படித்தான் பேசினார்கள். கேழ்வரகு போட்ட மூன்று வீடும் வேலையை முடித்து உட்கார்ந்திருந்தன. கேழ்வரகில் இந்தத் தொல்லை கிடையாது. முற்றிய கதிரை இன்றைக்குக் கிள்ளிக்கொள்ளலாம், முற்றாததை அடுத்த வாரம் கிள்ளலாம். நெல் அப்படி இல்லை. ஒரே நாளில் மொத்தமும் படுக்க வேண்டும். சீக்கிரம் அறுத்தால் அரிசி பிஞ்சு, தாமதித்தால் மணி மண்ணில். ஐயா வயலில் அது தப்பினால் ஐயா தப்பு. கூலிக்காரனுக்கு இருந்த ஒரே சௌகரியம் அதுதான், தப்பு அவனுடையதாக ஆகாது. நிலத்தோடு சேர்த்து அந்தத் தப்பையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பது எங்கப்பாவுக்கு மார்கழிக் கடைசியில்தான் தெரிந்தது. நானும் முப்பத்து மூன்று வருஷம் ஓர் ஆபீசில், மேலே இருந்து ஒரு கையெழுத்து வராமல் எந்தக் கோப்பையும் நகர்த்தாதவளாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் கேட்காத ஆள் இல்லை. மாமாவைக் கேட்டார்.

“எங்க சைட்டுல ஒரு கம்பிய வெட்டணும்னாலும் மூணு பேரு கையெழுத்து போடணும் மச்சான்” என்றார் மாமா. “நீ ஒரு பேப்பர் எடு. நான் ஒண்ணு போட்றேன், அக்கா ஒண்ணு போடட்டும், மூணாவது அந்தக் கொக்குகிட்ட வாங்கிக்கோ.”

புதுப்பட்டினம் கடைத்தெருவில் அரிசிக்கடை பாயைக் கேட்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். மடியில் கட்டிக் கொண்டுபோன நெல்லைப் பாயின் கையில் கொட்டினார். பாய் அதை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே தேய்த்து, உமியை ஊதி, அரிசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

“நாஸ்தா ஆச்சா அண்ணாத்த? பாப்பாவுக்கு ஒரு பன்னு குடுங்கப்பா” என்றார் முதலில். அப்புறம், “சோக்காகீது. ஆனா நான் மூட்டையில வந்தா சொல்லுவேன், செடியில கீறதுக்கு நான் இன்னா சொல்றது? பொங்கலுக்குப் புது அரிசி எங்கன்னு ஜனங்க வந்து என்னப் புடுங்கறாங்க. உன் நெல்லு எப்ப வரும்னு உன்ன நான் கேக்கணும், நீ வந்து என்னக் கேட்டுகினு கீற. பேஜாரா கீதே!”

எனக்கு பன் கிடைத்தது. அப்பாவுக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

அன்று மத்தியானம் வீட்டில் அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். அப்புறம் முந்தானையை அவிழ்த்து, ஒரு கை நெல்லை எடுத்து, சோற்றுக்குப் பக்கத்தில் தட்டிலேயே வைத்தாள். மண்ணோடு இருந்தது அந்த நெல்.

“இன்னாமே இது?”

“காலைல வயல்ல பொறுக்கினது. தானா உதுந்தது. நாளைக்கி ரெண்டு கை வைப்பேன். அதுக்கு மறுநாளு தட்டுல சோத்துக்கு எடம் இருக்காது. துன்னு.”

அப்பா சாப்பிடவில்லை. மண்ணை ஊதி ஊதி அந்த நெல்லை எடுத்து மறுபடி அவள் கையில் கொடுத்தார். துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுகினு வந்துட்றேன்” என்றார்.

ஐயா அந்த மாதம் முழுக்கத் திருப்போரூரில் மகள் வீட்டில் இருந்தார். மார்கழியில் தினமும் கோயிலுக்குப் போக அதுதான் வசதி. அவருடைய வயலில் நடவு நெல், அறுக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதனால் அவர் ஊர்ப்பக்கமே வரவில்லை. அப்பாவும் நானும் பஸ்ஸில் போனோம். என் மடியில் ஒரு பிடி கதிர். கண்டக்டர் பார்த்துவிட்டு, “இன்னாபா, வயலோட வந்துகினு கீற? இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?” என்றார். பஸ் ஒவ்வொரு தடவை குதித்தபோதும் கதிரில் இருந்து மணி உதிர்ந்தது. அப்பா குனிந்து, ஜனங்களின் கால்களுக்கு நடுவே கையை விட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். திருப்போரூர் போய்ச் சேர்வதற்குள் அவர் சட்டைப்பை பாதி நிறைந்துவிட்டது. ‘ஆச்சு, ஆச்சு’ என்று அந்த நெல் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது. கேட்க வேண்டியவர்தான் கேட்கவில்லை.

ஐயா முற்றத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஒரு கண்ணாடித் தம்ளர். தம்ளர் தண்ணீருக்குள் ஒரு பல்செட்டு. எனக்கு அதுவரை அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. தண்ணீருக்குள் யாரோ சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்பாவின் பின்னால் ஒளிந்தேன்.

“வாப்பா” என்றார் ஐயா. அதுவரை அவர் அப்பாவை ‘வாடா’ என்றுதான் கூப்பிட்டிருந்தார். அப்பா அதைக் கவனித்தாரா தெரியாது, நான் கவனித்தேன்.

அப்பா கதிரை நீட்டினார். விஷயத்தைச் சொன்னார். “ஐயா ஒரு வார்த்த சொல்லணும்” என்று முடித்தார்.

ஐயா கதிரை வாங்கி, தடவி, முகர்ந்து பார்த்தார். ஒரு மணியை உருவி வாய்க்குள் போட்டார். இந்தக் கன்னத்தில் இருந்து அந்தக் கன்னத்துக்கு அது போவது வெளியே தெரிந்தது. பிறகு அப்படியே எடுத்துவிட்டார். தம்ளரைப் பார்த்தார்.

“இத்த மாட்டிகினு சோத்தையே கடிக்க முடியல. நீயே கடிச்சிச் சொல்லு.”

அப்பா கடித்தார். ‘டக்’.

“ஆச்சுங்க ஐயா.”

அப்புறம் அப்பா காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். இப்போது செருமுவார், இப்போது ‘சரி’ என்பார் என்று பார்த்தோம். ஐயா செருமினார்.

“கதுரு நீளமா கீதுபா. நல்லா வச்சிகீற” என்றார். கதிரைத் திருப்பிப் பார்த்தார். “என் வயலுக்கு நான் சொல்லுவேன். உன் வயலுக்கு நான் எப்டிப்பா சொல்றது? போய்ட்டு வா.”

கொண்டுபோன கதிரில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். அந்த ஒன்றைச் சுவரில் முருகன் படத்து ஆணியில் செருகும்படி மகளிடம் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு ரூபாயா கேட்டோம்? ஒரு வார்த்தை. அதைக்கூடத் தராத கஞ்சன் என்று வெகுநாள் அவரை மனசில் திட்டிக்கொண்டிருந்தேன். பல வருஷம் கழித்துத்தான் வேறு மாதிரி தோன்றியது. பயிர் முற்றியதா இல்லையா என்பது அந்த மனிதருக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருக்கவில்லை. பனைமரத்தடியில் நின்று அவர் போட்ட பெரிய கணக்கெல்லாம் ஒன்றும் இல்லை, அப்பா சொன்னதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். அதை அவரால் எப்படி வாயால் ஒப்புக்கொள்ள முடியும்? ‘நீயே கடிச்சிச் சொல்லு’ என்று ஒப்புக்கொண்டார். கூடவே, உன்னுடையது உன்னுடையதுதான் என்ற மரியாதையும் அதில் இருந்ததோ என்னவோ. ஒரு மனிதர் ஒரே சமயத்தில் இரண்டையும் செய்யலாம் என்று புரிய எனக்கு இத்தனை வயசு தேவைப்பட்டது.

அம்மாவுக்கு வயசெல்லாம் தேவைப்படவில்லை. நாங்கள் வந்து சொன்னதும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“யோவ், அந்தாளு எந்த வருஷம்யா கடிச்சாரு? நீ ‘ஆச்சு’ன்னுவ, அவுரு ‘சரி’ன்னுவாரு. ஒரு கிளியப் புடிச்சாந்து வரப்புல வுட்டா அதுகூடச் சொல்லும். இத்தினி வருஷமும் உன் கடவாப் பல்லு சொல்லித்தான் அந்த வயல அறுத்தோம்.”

அப்பா கடைவாய்ப் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது அங்கேதான் இருந்தது.

“அது சரிமே” என்றார் கடைசியில். “ஆனா ‘சரி’ன்னு சொல்றதுக்கு ஒருத்தரு இருந்தாரு இல்ல?”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே இறங்கினாள். இருட்டுவதற்குள் ஏழு வீட்டுக்குப் போனாள். “விடிகாலைல அறுவாளோட வந்துடுங்கடி” என்றாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் சொன்ன அந்த மேகம் அன்றைக்குப் பெய்யவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு, நான் பதற வைக்கக் கூடாது. பரணில் இருந்த பானையும் பொங்கியது. அந்த அரை ஏக்கரும் இன்றைக்கு இருக்கிறது, தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். டிராக்டர், மோட்டார், போனில் வானிலை, எல்லாம் வைத்திருக்கிறான். ஆனால் அறுப்பு மெஷின்காரன் எந்தத் தேதி தருகிறானோ அந்தத் தேதியில்தான் அறுக்கிறான். போன மாதம்கூட போனில் மெஷின்காரனிடம், “அண்ணா, நீங்க சொன்னா சரிண்ணா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எதற்குச் சிரிக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். அறுக்கலாம் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் இல்லையா என்று கேட்டுவிட்டு அப்பா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளோடு வந்து நின்ற மாமா ஏதோ சொல்லப் போனார், அம்மா அவர் காலை மிதித்தாள். மஞ்சள் தொப்பி பொம்மையின் தலையில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது.

அப்பா வயலுக்குள் இறங்கினார். நடுவில் போய் ஒரு கதிரை வளைத்து, அடிமணியாகப் பார்த்து உருவி, கடைவாயில் வைத்துக் கடித்தார். ‘டக்’கென்ற சத்தம் வரப்புவரை கேட்டது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். துண்டு கக்கத்தில் இருந்தது. யாரும் இல்லாத வரப்பு மூலையைப் பார்த்து, நல்ல சத்தமாக, “ஆச்சுங்க ஐயா” என்றார்.

பிறகு நெல்லை விலக்கிக்கொண்டு நடந்து வெளியே வந்தார். அவர் பார்த்துப் பேசிய அந்த மூலைக்கே போய் வரப்பில் ஏறினார். வயல் பக்கம் திரும்பி நின்றார். கக்கத்துத் துண்டை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். வயலை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். தொண்டையை ஒரு தடவை செருமினார்.

“சரி, ஆள வுடு” என்றார்.

பெண்களில் யாரோ ‘க்ளுக்’கென்று சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. வரப்பில் இருந்து குதித்து ஓடிவந்தார். தோள் துண்டை எடுத்துத் தலையில் முண்டாசு கட்டினார். அம்மாவின் இடுப்பில் இருந்த அறுவாளை உருவிக்கொண்டு, “இன்னும் இன்னா வேடிக்க? ஐயா சொல்ட்டாரு, எறங்குங்க” என்று எங்களை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, முதல் ஆளாகக் குனிந்து அறுக்க ஆரம்பித்தார்.